தொலைவில் மருத்துவர், அருகில் ஒரு கை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதவோரம் உட்கார்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடமும் என் இடம் அதுதான். ஆசிரியர்கள் சாட்சி!

சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "வெர்ச்சுவல் ரியாலிட்டி, ஆக்மென்டட் ரியாலிட்டி, தொலைமருத்துவம், இந்த மூணையும் சேத்துப் பேசுப்பா. இருபது நிமிஷம்தான். அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்றார். இங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வெளியே போன நாளிலிருந்து வீடியோவைத் தாமதமில்லாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. கடைசிச் சில ஆண்டுகளாக அது மருத்துவக் கருவிகளுக்காக. ஆகவே நான் பேசப்போவது ஒரு டாக்டரின் பேச்சு அல்ல; டாக்டருக்கு ஒயர் இழுத்துக் கொடுப்பவனின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணை மூடிக்கட்டிவிட்டு வேறோர் உலகத்தைக் காட்டுவது. ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணைத் திறந்தபடியே விட்டு, எதிரில் இருக்கும் உலகத்தின் மேல் ஒரு கோடோ, அம்புக்குறியோ, படமோ சேர்ப்பது. சுருக்கமாக வி.ஆர்., ஏ.ஆர். இரண்டுக்கும் மூதாதை 1968ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைக்கவசத் திரை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்கும் சட்டம் கூரையிலிருந்து தொங்கும். அதன் கீழே தலையைக் கொடுத்து நிற்க வேண்டும். 'டெமாக்ளிஸின் வாள்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற சொல் பிறந்த இடம் இன்னும் சுவாரசியமானது. சினிமாவிலோ விளையாட்டிலோ பிறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடெல் என்ற பொறியாளர் பயன்படுத்திய சொல் அது. விமானத்துக்குள் போகும் கம்பிக் கட்டுகளைத் தொழிலாளர்கள் பெரிய பலகைகளில் வரைபடம் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அவர்கள் கண்முன்னாலேயே காட்டிவிட்டால் என்ன என்பதுதான் யோசனை. அதாவது, வேலை செய்யும் ஒரு கைக்கு வழி காட்டப் பிறந்தது ஏ.ஆர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கு வரும்போது இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தொலைமருத்துவம் என்றவுடன் நம் ஆட்களுக்கு ஒரு கனவு வரும். எங்கோ இருக்கும் பெரிய டாக்டர் ஒளியுருவமாக வந்து கிராமத்தில் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்பார், பார்ப்பார், குணமாக்கிவிடுவார். பத்திரிகைகளும் அதைத்தான் படம் போடும். 2021 அக்டோபரில் நாசா மருத்துவர் ஜோசப் ஷ்மிட் பூமியில் இருந்தபடியே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் அப்படி ஓர் உருவமாகத் தோன்றி, அங்கிருந்த விண்வெளி வீரரோடு பேசவும் செய்தார். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அந்த உருவத்தால் ஒரு பஞ்சைக்கூட எடுத்து வைக்க முடியாது. வைப்பதற்கு அங்கே ஒரு கை வேண்டும்.

தூரத்து அறுவை சிகிச்சை என்றால் எல்லோரும் சொல்வது 2001 செப்டம்பர் 7ஆம் தேதி நடந்ததை. டாக்டர் ஜாக் மரெஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் படுத்திருந்த 68 வயது அம்மையாரின் பித்தப்பையை ரோபோ கைகளால் அகற்றினார். 'லிண்ட்பெர்க் ஆபரேஷன்' என்று பெயர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி தாமதக் கணக்கு. அவர் கையை அசைத்து, ரோபோ அசைந்து, அந்தப் படம் திரும்ப அவர் கண்ணுக்கு வந்து சேர 155 மில்லி செகண்ட் ஆனது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்வரத்தான் இவ்வளவு நேரம் என்று நினைப்போம். இல்லை. அதில் கிட்டத்தட்ட பாதி வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் செலவானது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடல் பெரிய தடையில்லை, பெட்டிதான் தடை. நம்ம தொழிலுக்கு மரியாதை கிடைக்கும் இடம் இது!

இன்னொன்று. அன்று ஸ்ட்ராஸ்பர்கில் நோயாளியின் பக்கத்திலும் மருத்துவர்கள் நின்றார்கள். லைன் அறுந்தால் கையை நீட்ட ஆள் தயாராக இருந்தது. புகைப்படங்களில் நியூயார்க்காரர்தான் பெரிதாகத் தெரிவார்.

ரோபோவும் தனி லைனும் எல்லோருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. அதனால் நான் இதைவிட அதிகம் மதிப்பது வேறொரு நிகழ்ச்சியை. காஸாவில் பிறவியிலேயே கை ஊனமான ஒரு நோயாளிக்குச் சிக்கலான சீரமைப்பு அறுவை. செய்தவர் காஸாவிலேயே இருந்த அறுவை மருத்துவர். வழிகாட்டியவர் லெபனானின் பெய்ரூட்டில் இருந்த நிபுணர். அவர் அங்கே திரையில் விரலால் வரைந்தால், இங்கே மருத்துவர் பார்க்கும் நேரடிப் படத்தில், நோயாளியின் கை மேலேயே அந்தக் கோடு தெரியும். 'இங்கே கீறு, இந்த நரம்பை விட்டு விலகு' என்று வாயால் சொல்லிப் புரியவைப்பதற்கும், தோலின் மேல் கோடு போட்டுக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் வகுப்பில் கரும்பலகை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம். 2018ல் இது மருத்துவ இதழில் வெளியானது. காஸாவுக்குள் போகவும் வரவும் யாராலும் நினைத்தபடி முடியாது என்பதால்தான் இந்த வழி தேவைப்பட்டது. 2023 அக்டோபருக்குப் பிறகு அங்குள்ள மருத்துவமனைகளுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். மின்சாரமும் கூரையும் இல்லாத இடத்தில் எந்தக் கோடும் தெரியாது.

நேரடிப் படத்தின் மேல் வரைவதில் ஒரு தொல்லை உண்டு. கேமரா கொஞ்சம் நகர்ந்தால் கோடு இடம் மாறிவிடும். டார்ச் லைட் வெளிச்சமும் சாக்பீஸ் கோடும் நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச் பிடித்த கை அசைந்தால் வெளிச்சம் ஓடிவிடும். சாக்பீஸ் கோடு சுவரிலேயே நிற்கும். அப்படி நிற்க வேண்டுமானால் கருவி தன் எதிரே உள்ள பரப்பை முப்பரிமாணத்தில் அளந்து, 'இந்தக் கோடு இந்தத் தோலுக்குச் சொந்தம்' என்று முடிச்சுப் போட வேண்டும். தலையில் மாட்டும் ஏ.ஆர். கண்ணாடிகளின் உண்மையான சாமர்த்தியம் இதுதான்.

இதில் இன்ஜினியருக்கு ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. தலையைத் திருப்பினால் படம் சுமார் 20 மில்லி செகண்டுக்குள் திரும்பியாக வேண்டும். பிந்தினால் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னொன்று சொல்லும், வயிறு தீர்ப்புச் சொல்லிவிடும். வால்பாறை பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் புத்தகம் படித்துக்கொண்டே போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! இந்த 20 மில்லி செகண்டை எந்த நெட்வொர்க்கை நம்பியும் ஒப்படைக்கக் கூடாது. அதை மாட்டியிருக்கும் கருவியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தூரத்து டாக்டர் போடும் கோடு கால் வினாடி பிந்தி வந்தால் குடி முழுகிப் போகாது. வந்த பிறகு அசையாமல் நின்றால் போதும். அவசரமானது தலையிலேயே இருக்கட்டும், பொறுக்கக்கூடியது லைனில் வரட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் சாதாரண இணைப்பிலும் காரியம் நடக்கும். ரோபோவை இயக்குவதற்கு இந்தச் சலுகை கிடையாது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கிளிண்டன் தொடங்கிவைத்த, சித்தூர் மாவட்டம் அரகொண்டாவின் அப்பல்லோ தொலைமருத்துவ மையம் செயற்கைக்கோள் வழியாக இயங்கியது. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்க மட்டும் கால் வினாடி. கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடி. பேச்சுக்கும் எக்ஸ்ரே அனுப்புவதற்கும் அது தாராளம். கத்தி பிடிக்க ஆகாது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஊர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். மலைப்பக்கம் ஒரு சின்ன மருத்துவ நிலையம். சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும் சிஸ்டர் ஒருவர். அவர் தலையில் ஏ.ஆர். ஹெட்செட். நகரத்தில் இருக்கும் டாக்டர் அவர் பார்ப்பதையே பார்த்து, எந்த ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், எங்கே சீழ் கோத்திருக்கிறது என்று புண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டுவார். என் வேலை வீடியோ ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது. போனது. மழை நாளில்கூட போனது.

இரண்டாவது வாரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது நல்லாத்தான் இருக்கு. டாக்டர் சொல்றது பளிச்சுன்னு தெரியுது. ஆனா இதை மாட்டிக்கிட்டா பாட்டிக்கு என் கண்ணு தெரியலைங்குது. கண்ணைப் பாக்காம அது காலைக் குடுக்க மாட்டேங்குது" என்றார். அப்புறம் வரிசையாக வந்தது. கொண்டைக்கு மேல் பட்டை உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடி இடிக்கிறது. மதியத்துக்கு மேல் நெற்றி வேர்த்துப் பார்வை மங்குகிறது. குனிந்தால் முன்பாரம் கழுத்தை இழுக்கிறது. நெற்றியில் படும் பஞ்சு மெத்தையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாது. புண்ணுக்கு மருந்து போடும் அறையில் அதை எப்படி ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டுவது? கையுறையோடு அந்தரத்தில் கிள்ளிக் காட்டினால் கருவி சில சமயம் பார்க்கும், சில சமயம் பார்க்காது.

அன்று சாயங்காலமே ஒரு வேலை செய்தோம். வளைகிற கம்பி ஸ்டாண்டில் ஒரு செல்போனை மாட்டி, காலுக்கு நேராக நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு டேப்லெட். டாக்டர் போடும் வட்டம் அதில் புண்ணின் மேல் தெரிந்தது. ஸ்டாண்ட் அசையாததால் வட்டமும் ஓடவில்லை. சிஸ்டரின் முகம் பாட்டிக்குத் தெரிந்தது. கட்டு மாற்றும் நேரமும் குறைந்தது. கண்ணாடியின் பெருமை எல்லாம் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

இதை எழுதி அனுப்பினேன். விற்பனைப் பிரிவிலிருந்து வந்த பதில் எனக்கு மனப்பாடம்: "ஸ்டாண்டை போட்டோ எடுத்தா யார் சார் வாங்குவாங்க?" ஹெட்செட் இல்லாமல் திட்டம் இல்லை என்றார்கள். சிஸ்டர் ஹெட்செட்டை மாட்டவில்லை. ஆறு மாதத்தில் பெட்டிகளைக் கட்டி எடுத்துப் போனார்கள். அந்தச் சிஸ்டர் இப்போதும் தன் சொந்த போனில் புண்ணைப் படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு நோயாளியின் உடம்புப் படம் இப்படிச் சொந்த போனில் கிடப்பது சரியில்லை என்பது அவருக்கும் தெரியும். வேறு வழி யார் கொடுத்தோம்?

ஹெட்செட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உள்ள கேனிஸ்பர்ன் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு, மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. நோயாளியைச் சுற்றி ஆழம் அளக்கும் கேமராக்கள். அவருடைய உருவம் அப்படியே முப்பரிமாணத்தில் தூரத்து டாக்டருக்குப் போகும். திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எங்கிருந்து தசை எடுத்து எங்கே ஒட்டுவது என்று தட்டையான படத்தில் கணிப்பது கடினம், இதில் சுலபம். அதைத் தூக்கிச் செல்லும்படிச் சுருக்கி, 2020களின் தொடக்கத்தில் கானா நாட்டின் அக்ராவில் கோர்லே பூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் கவனியுங்கள், நோயாளி தலையில் எதுவும் மாட்ட வேண்டியதில்லை. அறுவை செய்யப்போகும் டாக்டர்கள் அக்ராவிலேயே இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் கூடச் சேர்ந்து யோசிக்கிறார், அவ்வளவுதான்.

வி.ஆரை அதிகம் விட்டுவிட்டேன். அதன் இடம் வேறு. அதில் டாக்டர் வருவதே இல்லை; மருந்துபோல எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பல ஆண்டுகளுக்கு முன்பே சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியைப் பனி உலகத்துக்குள் அனுப்பி, பனிப்பந்து எறியவிட்டு வலியை மறக்கச் செய்தார்கள். அது மருத்துவமனைக்குள். வீட்டுக்கு வந்தது 2021 நவம்பரில். தீராத இடுப்பு வலிக்கு 'ஈஸ் வி.ஆர். எக்ஸ்' என்ற சாதனத்துக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. எட்டு வாரம், 56 அமர்வு, ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். மூச்சை எப்படி விடுகிறோம் என்பதை மைக் கேட்டு, படத்தை அதற்கேற்ப அசைக்கும். 179 பேரை வைத்து நடந்த சோதனையில், வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகச் சொன்னவர்கள் 66 சதவீதம். இரு பரிமாணப் படம் மட்டும் பார்த்த குழுவில் 41 சதவீதம். இந்த 41ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். வெறும் படம் பார்த்தவர்களிலும் இத்தனை பேருக்கு வலி குறைந்திருக்கிறது! ஆகவே கருவியின் பங்கு 66 அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஹெட்செட் உறுத்துகிறது என்றவர்கள் சுமார் 21 சதவீதம். கம்பெனி விளம்பரத்தில் 66 மட்டும் இருக்கும்.

அதற்கு முந்தைய மாதம் அனுமதி பெற்ற 'லுமினோபியா' அப்போது சோம்பேறிக் கண் உள்ள 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கானதாக இருந்தது. நல்ல கண்ணை ஒட்டி மூடுவதுதான் பழைய வைத்தியம். குழந்தை பிய்த்து எறிந்துவிடும். இதில் பிடித்த கார்ட்டூனையே தினம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் ஹெட்செட்டில் பார்க்கவிட்டு, இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு விதமாகப் படத்தை மாற்றிக் காட்டி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குகிறார்கள். 105 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில், இதைப் பயன்படுத்தியவர்களுக்கு 12 வாரத்தில் கண் பரிசோதனை அட்டையில் சராசரி 1.8 வரி முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரி. இங்கே தூரத்தில் வேலை செய்யும் கை யாருடையது? அம்மாவுடையது. தினமும் அந்தக் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து மாட்டிவிடுபவர் அவர்தானே.

இப்போது மாணவர்களுக்கு. நான் பேசிய கருவிகளில் பாதி இன்று கடையில் இல்லை. கூகுள் கிளாஸ் 2023 மார்ச்சோடு நின்றது. மேலே சொன்ன கேமரா வகையில் வந்த அஷ்யூர் கினெக்ட் அதே ஆண்டு நின்றது. மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பு 2024ல் நின்றது. ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. மெஷின் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடம் அடிப்பார்கள். ஆகவே உங்கள் புராஜெக்ட்டை ஒரே கம்பெனியின் கண்ணாடிக்கு எழுதாதீர்கள். 2019ல் வந்த ஓப்பன் எக்ஸ்ஆர் என்ற பொது விதிமுறை இருக்கிறது, அதில் எழுதுங்கள். கண்ணாடி போனால் செல்போனில் ஓட வேண்டும். லைன் போனால் கடைசியாக வந்த கோடாவது திரையில் நிற்க வேண்டும்.

அப்புறம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களைப் போய்ப் பாருங்கள். இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2000களின் நடுவில் தேனிப் பக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சாதாரண ஒய்-ஃபையையே திசை ஆன்டெனா வைத்து மைல் கணக்கில் நீட்டி மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் தொழில்நுட்பர் கண்ணைச் சோதித்துப் படமெடுப்பார். டாக்டர் தூரத்திலிருந்து பார்த்துப் பேசுவார். ஹெட்செட் இல்லை, ஒளியுருவம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பயிற்சி இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகளும் சுகாதாரப் பணியாளர் வழியாக நடக்கும் ஆலோசனையைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அவருக்குக் கொடுக்கிற கருவி எது என்று கேட்டால்தான் நம் வேலை தொடங்குகிறது. துடைக்கக்கூடிய பட்டை, கையுறைக்கும் கேட்கும் பட்டன், "கொஞ்சம் பெருசாக்கு" என்று நம்ம ஊர்த் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளும் குரல் கட்டளை, மின்வெட்டிலும் நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி. இதில் எதற்கும் நோபல் பரிசு கிடைக்காது. வேலை கிடைக்கும்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். கையோடு இரண்டு ஹெட்செட்டும் ஒரு கம்பி ஸ்டாண்டும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பழைய மைக்ரோபிராசசர் லேபில் வைத்திருப்பேன். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் முதலில் வாருங்கள். தலைநிறைய மல்லிகை வைத்திருக்கும் அக்காமார்கள் கட்டாயம் வர வேண்டும். பட்டை எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள், குறித்துக்கொள்ள நோட்டும் பேனாவும் தயார்.